சோணரின் வீணையும் சிந்தசைசரும்

1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளர் பெரும் தவிப்பில் இருந்தார். எதற்காக இசை அமைக்கிறோம் என்பதே அவருக்குப் பிடிபடாமல் போயிருந்தது. அந்தச் சமயத்தில் அகமதாபாத்திலிருந்து கீதா சாராபாய் அங்கே போய்ச் சேர்ந்தார். மேற்கத்திய இசை நம் நாட்டு இசையை என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற கவலை அவருக்கு. அதைப் புரிந்துகொள்ள அந்த இசையை அதன் ஊரிலேயே கற்க நினைத்தார். இருவருக்கும் ஓர் ஏற்பாடு: கேஜ் மேற்கத்திய இசையைச் சொல்லித்தருவார், கீதா இந்திய இசையைச் சொல்லித்தருவார், காசு பணப் பேச்சே கிடையாது. இசையின் பயன்தான் என்ன என்று கேஜ் கேட்டபோது, கீதா தன் குரு சொன்ன விடையைச் சொன்னார். மனத்தைத் தெளிவித்து, அடங்கச் செய்து, தெய்வ அருள் வந்து படிய அதைப் பக்குவப்படுத்துவது. அந்த விடையைக் கேஜ் தன் எழுத்திலும் பேச்சிலும் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்.

இந்தக் கதைக்கு அதிகம் பேசப்படாத ஒரு தொடர்ச்சி உண்டு. 1969-இல் கேஜின் நெருங்கிய சகாவான டேவிட் டியூடர், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரைக் கொண்டுவந்து நிறுவினார். அந்த நிறுவனத்தை உருவாக்கியதில் பெரும் பங்கு கீதாவின் உடன்பிறந்தவர்களுக்கு. குமிழ்களும் செருகு துளைகளும் நிறைந்த அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ஒலிகளை உண்டாக்கியவர்களில் கீதாவும் ஒருவர். சில ஆண்டுகளில் அந்த இசைக்கூடம் செயல்படாமல் போனது. ஒலிநாடாக்கள் மட்டும் தப்பிப் பிழைத்தன. 2023-இல்தான் அவை இசைத்தட்டாக வெளியுலகுக்கு வந்தன.

மனத்தை அடக்குவது இசையின் வேலை என்று சொன்னவரே மின்சார இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார் என்பதில் முரண் ஏதும் இல்லை. ஆனால் அதிலிருந்து ஒரு கேள்வி பிறக்கிறது. இசை மனத்தை அடக்க வேண்டும் என்றால், இசையை உண்டாக்கும் கருவி அதை உண்டாக்குகிறவரின் மனத்தை என்ன செய்கிறது? வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி இசை செய்கிற ஆயிரக்கணக்கானோருக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. பெட்டி சிந்தசைசர் வாங்குவதா, எல்லாவற்றையும் லேப்டாப்பிலேயே முடித்துக்கொள்வதா, இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்று அவர்கள் தினமும் யோசிக்கிறார்கள். அது பணக்கணக்காகவும் ஒலிக்கணக்காகவும் மட்டுமே பேசப்படுகிறது. அடியில் இருப்பது மனக்கணக்கு.

ஒலிக்கணக்கு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 1996-இல் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம், ‘ப்ளக்-இன்’ எனும் துணை மென்பொருள்களை இயக்கும் விஎஸ்டி முறையைக் கொண்டுவந்த பிறகு, ஒலிக்கருவிகள் ஒவ்வொன்றாகக் கணினிக்குள் குடியேறத் தொடங்கின. 1970-இன் மினிமூக், 1978-இன் ப்ராஃபெட்-5, 1981-இன் ஜூபிடர்-8 எல்லாவற்றுக்கும் இன்று நல்ல மென்பொருள் நகல்கள் இருக்கின்றன. எல்லா நகல்களையும் சேர்த்து வாங்கினாலும் ஒரே ஒரு பழைய ஜூபிடர்-8-இன் விலையில் சிறு பங்குதான் ஆகும். ஒரு பாட்டு கலந்து முடிந்த பிறகு, எந்த ஒலி பெட்டியிலிருந்து வந்தது, எது ப்ளக்-இன்னிலிருந்து வந்தது என்று காதை மட்டும் நம்பிப் பிரித்துச் சொல்வது பழுத்த ஒலிப்பதிவாளருக்கும் கடினம். ‘பெட்டியின் ஒலிதான் அசல், மற்றதெல்லாம் போலி’ என்ற பேச்சை இனியும் பிடித்துக்கொண்டிருப்பதில் நியாயம் இல்லை.

அசல், போலி என்ற பிரிவே இங்கே ஆட்டம் காண்கிறது. 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் 1967-இல் கண்டுபிடித்த எஃப்எம் முறைதான் அதன் உயிர். ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் அதிவேகமாக அசைத்தால் மணியோசையும் பித்தளை ஓசையும் பிறக்கும் என்று அவர் கண்டார். டிஎக்ஸ்7-க்குள் இருப்பது முழுக்க முழுக்க எண் கணக்கு. கட்டைகள் பொருத்திய ஒரு கணினி என்றே அதைச் சொல்லலாம். மேலே குமிழ்களும் கிடையாது. தட்டையான பொத்தான்கள், மதிப்பை மாற்ற ஒற்றைத் தள்ளுகட்டை, சின்னத் திரை. அதில் புதிய ஒலி உண்டாக்குவது பலருக்குப் புரியவே இல்லை. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் தொழிற்சாலையில் ஏற்றி அனுப்பிய ஒலிகளையே வாசித்தார்கள். எண்பதுகளின் காதல் பாடல்களில் உலகெங்கும் ஒரே மின்பியானோ கேட்டதற்குக் காரணம் இதுதான்.

இப்போது டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டிஎக்ஸ்7-இன் ஆபரேட்டர்கள் எனப்படும் ஆறு அலையாக்கிகளையும் ஒரே திரையில் விரித்துக் காட்டும். பழைய ஒலிக்கோப்புகளைப் படிக்கும். உண்மையான டிஎக்ஸ்7-ஐ இணைத்தால் அதன் அமைப்புகளைத் திரையிலிருந்தே மாற்றவும் விடும். பெட்டி பல ஆண்டுகள் மூடிவைத்திருந்ததை மென்பொருள் திறந்து காட்டியிருக்கிறது. ஹார்டுவேர் என்றால் கையும் உயிரும், சாஃப்ட்வேர் என்றால் நிழல் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? இல்லை. வேறுபாடு ஒலியில் இல்லை, உழைப்பின் தன்மையில் இருக்கிறது. அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பாடம் பாலி மொழி பௌத்த நூல்களில் இருக்கிறது. அங்குத்தர நிகாயத்திலும் விநய பிடகத்திலும் வரும் சோணரின் கதை அது.

சோண கோளிவீசர் சம்பா நகரத்துச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. கால் தரையில் படாத செல்லம். துறவு பூண்ட பிறகு, விட்டதைப் பிடிப்பவர்போல் கடும் முயற்சியில் இறங்கினார். ராஜகிருகத்துக்கு அருகே சீதவனத்தில் நடந்து நடந்தே தியானம் செய்து, பாதம் கிழிந்து, நடைபாதை ரத்தமானது. பலன் வரவில்லை. வீட்டுக்கே திரும்பிப் போய், இருக்கிற சொத்தை வைத்துத் தான தருமம் செய்து வாழலாமா என்று நினைக்கத் தொடங்கினார். புத்தர் அவரிடம் வந்து, இல்லறத்தில் இருந்தபோது வீணை வாசிப்பீர்கள் அல்லவா என்று கேட்டார். ஆம். தந்தியை மிகவும் முறுக்கினால் நாதம் வருமா? வராது. மிகவும் தளர்த்தினால்? அப்போதும் வராது. மிகையும் குறையும் இல்லாமல் சுருதியில் நின்றால்தான் வரும். முயற்சியும் அப்படியே: அளவு மீறினால் மனம் அலைபாயும், குறைந்தால் சோம்பல் படியும். சோணர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கரையேறினார் என்று நூல் சொல்கிறது.

இந்தக் கதையை ‘நடுவழி’ என்று சுருக்கிச் சொல்லிப் பலர் கடந்துவிடுகிறார்கள். வீணை பிடித்தவருக்குத் தெரியும், சுருதியில் பாதி என்று ஒன்று கிடையாது. பருத்த தந்திக்கு ஓர் இழுவிசை, மெல்லிய தந்திக்கு வேறு. சரியான இடத்தை அளவுகோல் காட்டாது, காதுதான் காட்டும். காலையில் சேர்த்த சுருதி மாலையில் இறங்கியிருக்கும். ஸ்டுடியோவில் பாதி பெட்டி, பாதி மென்பொருள் என்று எண்ணி வைப்பதைச் சமநிலை என்று சொல்ல முடியாது. மனம் எங்கே முறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்ல வேண்டும்.

பெட்டி எப்படி முறுக்குகிறது என்று அருகே போய்ப் பார்க்கலாம். ரோலண்ட் ஜூனோ-106, 1984-இல் வந்தது. இனிய, அகலமான ஒலி. ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரங்கள் பேசும். அந்த ஆறு குரல்களுக்கும் தலா ஒரு சில்லு, 80017ஏ என்று எண். உற்பத்தியில் அவற்றின் மேல் கறுப்பு ரெசின் பூசினார்கள். ஆண்டுகள் ஆக ஆக அந்தப் பூச்சே எமனாகிவிட்டது. மின்சாரம் போகக்கூடாத வழியில் கசியத் தொடங்கும், குரல் கரகரக்கும், பிறகு ஊமையாகும். கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால் ஆறுக்கு ஒன்று மட்டும் இருமும். அதுதான் நோயின் அடையாளம். பழுது பார்ப்பவர் சில்லுகளை ஈயப்பற்றிலிருந்து பிரித்தெடுப்பார். நகப்பூச்சை அழிக்கும் அதே அசிட்டோனில் நாள்கணக்கில் ஊறவைப்பார். ரெசின் இளகியதும் கால்கள் ஒடியாமல் உரித்து, துடைத்து, திரும்பப் பற்றவைத்து, ஒவ்வொரு குரலையும் மற்ற ஐந்தோடு ஒத்துப்போகும்படி திருத்துவார். சேமித்து வைத்த 128 ஒலிகளைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு நாணய பேட்டரி. அது தீர்ந்தால் அத்தனையும் போகும்.

இந்த வேலையில் ஒரு தவம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. பழைய மினிமூக்கை வைத்திருப்பவர் சூடேறும்வரை காத்திருந்து, மூன்று ஆசிலேட்டர்களையும் சுருதி சேர்த்த பிறகே வாசிக்கத் தொடங்குவார். அந்தக் காத்திருப்பு வாசிப்புக்கு முந்தைய ஒரு வணக்கமாகவே பலருக்கு ஆகிவிடுகிறது. ஆனால் இதே தவம் சோணரின் ரத்தப் பாதமாகவும் மாறலாம். கேபிள் மாற்றுவது, ஹம் ஓசையைத் துரத்துவது, தூசி தட்டுவது, பாகம் தேடுவது என்று பொழுதெல்லாம் போய், வாரம் முடியும்போது நான்கு மாத்திரை இசைகூட மிஞ்சாமல் இருக்கிற அறைகள் எத்தனையோ. கருவிக்குப் பணிவிடை செய்வதே பூசையாகி, பூசைக்குரிய தெய்வம் மறந்துபோகிறது.

மென்பொருள் தளர்த்துகிறது. அதன் வழி வேறு. ஒரு பாஸ் ஒலி வேண்டும் என்று ப்ளக்-இன்னைத் திறந்தால் ஆயிரம் ஒலிகள் பட்டியலாக நிற்கும். ஐந்தாவது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆறாவது இதைவிட நன்றாக இருக்குமோ என்ற எண்ணம் விரலைக் கீழே இழுக்கும். நாற்பதாவது ஒலியில் காது மரத்துப்போகும், எந்த மெட்டுக்காகத் தேட வந்தோம் என்பதும் மங்கும். பிறகு, எதையும் எப்போதும் மாற்றலாம். பதிவு செய்து முடித்த ஸ்வரத்தை, கருவியை, வேகத்தை, எல்லாவற்றையும். எதுவும் முடிவாக வேண்டிய கட்டாயம் இல்லாததால் எதுவும் முடிவதில்லை. அதே திரையில்தான் மின்னஞ்சலும் செய்தியும் வாட்ஸ்அப்பும் வந்து நிற்கின்றன. புத்தர் சொன்ன இரண்டு நோய்களும் இங்கே ஒன்றாகவே வருகின்றன: கை சோம்பிக் கிடக்கும், மனம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வாங்கும் ஆசை இரண்டு பக்கமும் பொது. பெட்டி வாங்குகிறவர் அலமாரியை நிரப்புகிறார், மென்பொருள் வாங்குகிறவர் ஹார்டு டிஸ்க்கை. தள்ளுபடி முடிய இன்னும் சில மணி நேரமே என்ற விளம்பரம் இருவரையும் ஒரே மாதிரிதான் பிடிக்கிறது. இதைத் தனிமனித பலவீனம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நிறைவு வந்துவிட்டவர் அடுத்ததை வாங்கமாட்டார் என்பது விற்கிறவர்களுக்குத் தெரியும். அதனால் நிறைவு வராமல் பார்த்துக்கொள்வது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

நிலையாமையைப் பற்றிப் பேசும்போது பெட்டி பழுதாகும், மென்பொருள் அழியாது என்று நினைப்பவர்கள் உண்டு. ரோலண்ட் டிபி-303-இன் கதை அந்த நினைப்பைத் தலைகீழாக்கும். டடாவோ கிகுமோட்டோ வடிவமைத்த அந்த வெள்ளி நிறப் பெட்டி 1981-இல் வந்தது. தனியாகக் கிடார் பயிலுகிறவருக்குத் துணையாக பாஸ் வாசிக்கும் என்று சொல்லி விற்றார்கள். ஒலி உண்மையான பாஸ் கிடார் போல இல்லவே இல்லை. ஸ்வரங்களை ஒருமுறையும் தாள நேரங்களை இன்னொருமுறையும் தனித்தனியாக உள்ளிட வேண்டும் என்பதால் பயன்படுத்துவதும் பெரும்பாடு. 1984-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

இடையில் 1982-இல் பம்பாயில் ஒரு காரியம் நடந்தது. இந்தித் திரையிசையில் கிடாரும் கீபோர்டும் வாசித்துவந்த சரண்ஜித் சிங், ஒரு டிபி-303, ஒரு டிஆர்-808 தாளப்பெட்டி, ஒரு ஜூபிடர்-8 ஆகிய மூன்றையும் இணைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். பூபாலி (நம் மோகனம்), மால்கௌன்ஸ் (நம் ஹிந்தோளம்), யமன் (நம் கல்யாணி) எல்லாம் அதில் உண்டு. ராகத்துக்குக் கார்டு மாறத் தேவையில்லை. ஆதார சுருதியில் ஊன்றி நின்றால் போதும். ஒரே வட்டத்தில் சுழலும் 303-க்கும் அதுதான் இயல்பு. இயந்திரத்தின் குறையை ராகத்தின் நியதி ஏற்றுக்கொண்டது. தட்டு விற்கவில்லை. 2010-இல் மறுபடி வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஏனென்றால், 1987-இல் சிகாகோவில் ஃப்யூச்சர் குழுவினர் பழைய பொருளாக மலிவு விலைக்கு வாங்கிய ஒரு 303-இன் குமிழ்களை ஓடும்போதே திருகித் தொடங்கிவைத்த ஆசிட் ஹவுஸ் இசையின் நிறம், ஐந்து ஆண்டுகள் முன்பே பம்பாய்த் தட்டில் இருந்தது. சரண்ஜித் சிங் 2015-இல் மறைந்தார். அதற்கு முன் வெளிநாட்டு மேடைகளில் அந்த ராகங்களை மீண்டும் வாசிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது என்பது மனத்துக்கு ஆறுதல்.

1997-இல் ஸ்வீடனின் ப்ரொபெல்லர்ஹெட் நிறுவனம் ரீபர்த் என்ற மென்பொருளை வெளியிட்டது. இரண்டு 303-களும் ஒரு 808-ம் கணினித் திரையில். மறுபிறவி என்றே பெயர். எட்டு ஆண்டுகளில், 2005-இல், அதைக் கைவிட்டார்கள். 2010-இல் ஐபேடில் இன்னொரு பிறவி எடுத்தது. 2017-இல் ரோலண்ட் தன் அறிவுச்சொத்துரிமையை முன்வைத்ததும் அதுவும் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. நகல் இரண்டு முறை பிறந்து இரண்டு முறை மறைந்துவிட்டது. 1981-இன் பிளாஸ்டிக் பெட்டிகளோ பல இன்னும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆப்பிள் 2019-இல் 32-பிட் மென்பொருள்களை ஆதரிப்பதை நிறுத்தியபோதும், அதுவரை ஓடிய எத்தனையோ ப்ளக்-இன்கள் ஒரே அப்டேட்டில் ஊமையாயின. பெட்டி மெல்ல மூப்படைந்து சாகிறது, கூட இருப்பவர் பார்த்துப் பராமரிக்கலாம். மென்பொருளின் மரணம் வேறொருவர் எடுக்கும் முடிவு.

ஆல்பர்ட் போர்க்மன் என்ற தத்துவப் பேராசிரியர் இங்கே துணைக்கு வருகிறார். அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர், கத்தோலிக்க நம்பிக்கை உடையவர். 1984-இல் வெளியான தன் நூலில் அவர் குளிர்நாட்டு வீடுகளின் விறகடுப்பை எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஒருவர் விறகு பிளக்க வேண்டும், ஒருவர் மூட்ட வேண்டும், எல்லோரும் அதைச் சுற்றி உட்கார வேண்டும். அந்த இடத்தில் குழாய் வழியே சூடு தரும் இயந்திரம் வந்தபோது சூடு மட்டும் மிஞ்சியது. உழைப்பும் கூடலும் மறைந்தன. இயந்திரம் தன்னை மறைத்துக்கொண்டு பயனை மட்டும் நீட்டுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டு சரி, ஆனால் அதைப் பெட்டிக்கும் மென்பொருளுக்கும் நடுவில் கோடு போடப் பயன்படுத்தினால் தவறிவிடும். தொழிற்சாலை ஒலியை மட்டும் வாசித்த டிஎக்ஸ்7 அந்தச் சூட்டுக் குழாய்தான். ஒரே ஒரு ப்ளக்-இன்னை எடுத்து, எல்லா ஒலிகளையும் அழித்து, வெறும் அலையிலிருந்து தொடங்கி ஓர் ஆண்டு அதையே கற்கிறவரின் லேப்டாப்பில் அடுப்பு எரிகிறது. கோடு கருவிகளுக்கு நடுவில் ஓடவில்லை, அவற்றோடு நாம் வைத்துக்கொள்ளும் உறவுக்குள் ஓடுகிறது. அதே நேரம், உறவு உண்டாவதற்குக் கைக்குப் பிடி வேண்டும் என்பதும் உண்மை. ஃபில்டர் குமிழ் எப்போதும் அதே இடத்தில் இருந்தால், சில மாதங்களில் கண் பார்க்காமலே கை அங்கே போகும். அந்த அளவில் பெட்டிக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது.

குறைவாக வைத்துக்கொள், எல்லாவற்றையும் துறந்துவிடு என்று உபதேசிப்பது சுலபம். வயிறு நிறைந்தவர்கள் சொல்லும்போது இன்னும் சுலபம். 1976-இல் இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் மறைந்தபோது, அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. அந்தக் கருவிகளுக்கு நடுவே வளர்ந்த பையன் பின்னாளில் கோடம்பாக்கம் வீட்டின் கொல்லையில் பஞ்சதன் என்ற ஸ்டுடியோவைக் கட்டினார். 1992-இல் ‘ரோஜா’ வந்தது, ஏ.ஆர். ரஹ்மான் என்ற பெயர் நாட்டுக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் கருவி என்பது சோறு. கருவிகளை உடைமை என்று மட்டும் பார்த்து ஒதுக்குகிற தத்துவம் அந்த வீட்டுத் தாயின் முன்னால் நிற்காது.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் நிதானமாகப் பேசுகிறது. உடல், கரணங்கள், உலகம், நுகர்ச்சி ஆகிய தனு கரண புவன போகங்கள் மாயையிலிருந்து உயிருக்குக் கிடைக்கின்றன. மாயை பாசங்களில் ஒன்று, ஆகவே கட்டுத்தான். ஆனால் ஆணவ இருளில் கிடக்கும் உயிர் சிறிதேனும் அறிவதும் செயல்படுவதும் இவற்றைக் கொண்டுதான். கருவி கட்டவும் செய்கிறது, ஏற்றிவிடவும் செய்கிறது. அதைத் தூக்கி எறிவதும் தீர்வில்லை, தெய்வமாக்குவதும் தீர்வில்லை. வீட்டு ஸ்டுடியோவுக்கு இதைவிடப் பொருத்தமான கொள்கை கிடைப்பது அரிது.

நடைமுறையில் இது நோன்பாகத்தான் வடிவெடுக்க முடியும். இல்லாமையால் வரும் எல்லை வேறு, தானே வகுத்துக்கொண்ட எல்லை வேறு. சரண்ஜித் சிங்கின் காலத்தில் மூன்று பெட்டிகள் என்பது கைக்குக் கிடைத்த அளவு. இன்று எல்லாம் கிடைக்கும் நிலையில் ஒருவர் மூன்றோடு நிற்கிறார் என்றால் அது அவர் எடுத்துக்கொண்ட விரதம். அமெரிக்காவின் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் புதிய இயந்திரம் வந்தால் அது தங்கள் குடும்பத்தையும் சபையையும் என்ன செய்யும் என்று கூடிப் பேசி முடிவெடுப்பவர்கள். தொலைபேசியை அவர்களில் பலர் முழுக்க விலக்கவில்லை. வீட்டுக்கு வெளியே, சில குடும்பங்களுக்குப் பொதுவாக, ஒரு சின்னக் கொட்டகையில் வைத்தார்கள். தேவைப்பட்டால் நடந்து போய்ப் பேசலாம், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அது மணியடிக்காது. கருவியின் இடத்தைத் தீர்மானிப்பது கருவியை மறுப்பதைவிட நுட்பமான வேலை.

ஸ்டுடியோவில் கணினிக்கும் அப்படி ஓர் இடம் கொடுக்கலாம். அது நினைவுக்கு, பதிவுக்கு, கலவைக்கு. மெட்டு பிறக்கும் நேரத்தில் திரை அணைந்திருக்கட்டும், கை ஒரே கருவியில் இருக்கட்டும். அந்தக் கருவி பெட்டியாகவும் இருக்கலாம், மலிவான கட்டைப்பலகையில் குமிழ்களைப் பொருத்திக்கொண்ட ஒரே ஒரு ப்ளக்-இன்னாகவும் இருக்கலாம். வாசித்து முடித்த ஒலியை உடனே ஆடியோவாகப் பதிந்துவிட வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று, ஒலியாக இல்லாமல் கருவிக்கான கட்டளைகளாக, அதாவது மிடியாக மட்டும் வைத்திருந்தால் மனம் அதை விடாது. பதிந்துவிட்டால் அடுத்த வேலைக்கு நகரும். பழைய மாடுலர் மூக்கில் கேபிளைப் பிடுங்கினால் ஒலி போய்விடும். அகமதாபாத் கூடத்தில் வேலை செய்தவர்களுக்கு நாடாவில் பிடித்ததுதான் மிச்சம். அந்தக் கட்டாயத்தை இன்று நாமே நமக்கு விதித்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை.

பெட்டியும் கணினியும் பகையாளிகள் என்ற எண்ணத்தை உடைத்தவர்கள் இருவர்: ரோலண்டின் இகுடாரோ காகெஹாஷி, சீக்வென்ஷியல் நிறுவனத்தின் டேவ் ஸ்மித். போட்டி நிறுவனங்களின் கருவிகள் தங்களுக்குள் பேச ஒரு பொது மொழி வேண்டும் என்று நினைத்தார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்க இசைவணிகக் கண்காட்சியில் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600-உம் ரோலண்டின் ஜூபிடர்-6-உம் ஒரே கேபிளில் இணைந்து ஒலித்தன. அதுதான் மிடி. அதற்கு உரிமைக் கட்டணம் வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டார்கள். 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. பெட்டியா, மென்பொருளா என்ற சண்டை பெரிதாவதற்கு முன்பே இரண்டுக்கும் பாலம் போட்டு, அதை இலவசமாகக் கொடுத்த அந்தச் செயல் தானம் என்ற சொல்லுக்குத் தகுதியானது.

வீட்டில் பரண்மேல் பழைய கீபோர்டு ஒன்று துணி போர்த்திக் கிடந்தால், அடுத்த கருவிக்கு ஆர்டர் போடுவதற்கு முன் அதைக் கீழே இறக்கிப் பின்புறம் பாருங்கள். ஐந்து துளைகளோடு வட்டமான செருகுவாய் இருந்து, பக்கத்தில் ‘மிடி’ என்று எழுதியிருந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி-மிடி கேபிள் போதும், அது இன்றைய லேப்டாப்போடு பேசும். அதை மட்டும் வைத்து ஒரு பாட்டை முழுதாக முடியுங்கள். கடைக்குப் போவதைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.